மலையிலிருந்து இறங்கிக் கடற்கரை வீட்டில் நாலு நாள்: குடும்பமும் கூட்டாளிகளும் சேர்ந்து போக முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியம்மா முப்பத்தெட்டு வருசம் கொழுந்து பறித்தவர். முதன்முதலாகக் கடலில் கால் வைத்தது அறுபத்திரண்டு வயதில், பாசிக்குடாவில், ஒரு காலை ஆறரை மணிக்கு. தேயிலை நிரையில் நிற்பதுபோலவே ஒரு காலை முன்னே ஊன்றி, மறு காலைப் பின்னே சரித்து நின்றார். அலை வந்து திரும்பியபோது உள்ளங்காலுக்கு அடியில் மணல் கரைந்தது. "ஆத்தாடி, மண்ணு சரியுதுடி!" என்று தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அடைமழை இரவில் லயத்து வீட்டுக்குப் பின்னால் மண் சரியும் சத்தம் கேட்டால் எந்தக் குரலில் கத்துவாரோ, அதே குரல். அடுத்த அலைக்குச் சிரித்துவிட்டார். அதற்கடுத்த அலைக்கு எங்களைக் கையை விடச் சொன்னார்.

அது எங்கள் மூன்றாவது பயணம். முதல் இரண்டிலும் ஒவ்வொரு விதமாகச் சொதப்பினோம். கடற்கரை வீட்டில் ஓய்வாக இருக்க வேண்டுமென்றால், அதற்கான வேலையெல்லாம் மலையை விட்டு இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. பதினேழு பேர் ஒரு வீட்டு முற்றத்தில் நின்று "சரி, இப்ப என்ன செய்வோம்?" என்று கேட்க ஆரம்பித்தால் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

தேயிலையைக் கேட்டால் கடல் தெரியும்

முதல் தடவை டிசம்பர் லீவில் கிழக்குக் கரையில் இருக்கும் கல்குடாவுக்குப் போனோம். பிள்ளைகளுக்கு விடுமுறை, எங்களுக்கும் விடுமுறை, அவ்வளவுதான் கணக்கு. மூன்று நாளும் மழை. கடல் பால் சேர்க்காத பிளேன்டி நிறத்தில் கரையை அடித்துக்கொண்டிருந்தது. கரம் விளையாடிவிட்டுத் திரும்பினோம். மழை பார்க்க வேண்டுமென்றால் நோர்வூட்டிலேயே இருந்திருக்கலாம்.

இலங்கையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் கடல் அமைதியாக இருக்காது. வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை கிழக்குக் கடல் கொந்தளிக்கும். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நமக்குத் தெரிந்த தேயிலையை வைத்தே நினைவில் வைக்கலாம்.

ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மழை கொட்டும். தென்மேல் காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்குகிறது. கொழுந்துக்கு அந்தத் தனி மணத்தைக் கொடுப்பது அந்தக் காற்றுதான். அதே காற்று இன்னும் கீழே இறங்கி மட்டக்களப்புப் பக்கம் போகும்போது அதற்குக் கச்சான் காற்று என்று பெயர். ஆகவே ஊவாவில் நல்ல தேயிலைக் காலம் என்றால் கிழக்கில் நல்ல கடல் காலம். பாசிக்குடா, நிலாவெளி, உப்புவெளி, அறுகம்பை எல்லாம் அப்போதுதான்.

திம்புள்ளைப் பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலைச் சுற்றில், நல்ல தேயிலைக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது தெற்குக் கடல் சாந்தம். உனவட்டுன, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ, மாத்தறைக்குப் பக்கத்துப் பொல்ஹேன எல்லாவற்றுக்கும் அதுதான் காலம். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்தே போகலாம்.

பாடசாலை விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால் ஓகஸ்ட் லீவுக்குக் கிழக்கு, டிசம்பர் லீவுக்குத் தெற்கு. ஏப்ரல் நடுவில் வரும். இரண்டு பக்கமும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், பின்னேரம் இடி மழை வரலாம். ஏப்ரலில் கொழும்பே நுவரெலியாவுக்கு ஏறி வரும் என்பதால், அந்த நேரம் நாம் இறங்கிவிடுவது புத்திசாலித்தனம் என்று என் மச்சான் சொல்வார். ஆனால் புதுவருசத்தை ஒட்டி வீட்டு வாடகையும் ஏறிவிடும். ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் வேண்டாம்.

நாட்காட்டியில் இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. அன்று இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டியிருக்கும். மற்றது விரத நாட்கள். ஓகஸ்டை ஒட்டி ஆடி அமாவாசை வரும், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தமும் அன்றுதான். நண்டுக் குழம்புக்குத் திட்டம் போட்டுவிட்டுப் போய், பெரியவர்கள் பாதிப் பேர் விரதம் என்றால் சமையல் இரண்டாகப் பிரியும்.

ஆட்களும் நாட்களும்

இரண்டு இரவு போதாது. இறங்குவதில் ஒரு நாள், ஏறுவதில் ஒரு நாள் போய்விடும். குறைந்தது மூன்று இரவு, முடிந்தால் நாலு. வார நாட்களில் போனால் வாடகையும் குறையும், கரையும் வெறிச்சென்று இருக்கும்.

கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களும் கூட்டாளிகளும் சேரும்போது, எல்லோரும் எல்லோரையும் ஒரு தடவையாவது முன்பே பார்த்திருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது பயணத்தில் வேலையிடத்துக் கூட்டாளி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அவர் மனைவிக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவரையும் தெரியாது. பாவம், முதல் இரண்டு நாளும் அறையை விட்டு வெளியே வரவில்லை. இப்போதெல்லாம் ஒரு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் போட்டு, பயணப் பேச்சையும் அங்கேயே முடித்துவிடுகிறோம்.

காசுக் கணக்கு

வெட்கப்படாமல் முதலிலேயே பேச வேண்டிய விசயம் இது. எங்கள் முறை: பெரியவருக்கு ஒரு பங்கு, பன்னிரண்டு வயதுக்குக் கீழே அரைப் பங்கு, மடிக்குழந்தைக்கு ஒன்றுமில்லை. பதினொரு பெரியவர்களும் ஆறு பிள்ளைகளும் என்றால் பதினான்கு பங்கு. வீடு, வேன், சாப்பாடு மூன்றையும் கூட்டிப் பதினான்கால் வகுத்துவிட்டு, மேலே பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள். மிஞ்சினால் திருப்பிக் கொடுக்கலாம். குறைந்த பிறகு கையேந்துவதுதான் சங்கடம்.

இதை ஒரே தடவையில் கேட்டால் பலருக்கு முடியாது. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. சீட்டுப் பிடிக்கிற மாதிரி ஐந்து மாதத்துக்கு முன்பே தொடங்கி, ஒவ்வொரு பத்தாம் திகதியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. காசு வைத்திருப்பவரும் பயணத்தை ஏற்பாடு செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எங்கள் கணக்குப் பிள்ளை அண்ணிதான். ஒரு சீஆர் கொப்பியில் ஐஸ் வாங்கிய கணக்குவரை எழுதுவார். கடைசி நாள் கொப்பியை எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார், யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

மதுச் செலவைப் பொதுக் காசில் சேர்க்காதீர்கள். குடிக்கிறவர்கள் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். இதில் மட்டும் பெண்கள் சொல்வதைக் கேளுங்கள்.

வீடு பிடிப்பது

படத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். வீட்டுக்காரரை வீடியோவில் கூப்பிட்டு, வாசலிலிருந்து கடல்வரை போனைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டபோது ஒருவர் ஆறு நிமிடம் நடந்தார், இடையில் ஒரு ரோட்டையும் கடந்தார். விளம்பரத்தில் அது "கடலோர வீடு". அதை விட்டுவிட்டோம்.

அப்புறம் கேட்க வேண்டியவை:

- வீட்டுக்கு முன்னால் இருக்கும் கடலில் பிள்ளைகள் இறங்கலாமா, இல்லை வேறு இடத்துக்குப் போக வேண்டுமா?
- கிணற்றுத் தண்ணி உப்பா? குடிக்கிற தண்ணிக்கு என்ன வழி?
- அடுப்படியை நாமே பாவிக்கலாமா? காஸ் சிலிண்டர் அவர்கள் தருவதா, நாம் வாங்குவதா? பெரிய சட்டி, தேங்காய் துருவி இருக்கிறதா?
- டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா?
- எத்தனை கழிவறை? பதினேழு பேருக்கு ஒன்றோ இரண்டோ என்றால் காலையில் கடலைவிட வாசலில்தான் அலை அடிக்கும்.
- நாள் மாற்றினால் அட்வான்ஸ் திரும்புமா?

டிரைவர் விசயத்தை லேசாக எடுக்காதீர்கள். இரண்டாவது பயணத்தில் அவருக்கு இடம் கேட்க மறந்துவிட்டோம். அந்த மனுசன் மூன்று இரவும் வேனுக்குள்ளேயே நுளம்புக் கடியில் படுத்தார். நாங்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் ஹோலில் வந்து படுக்கவில்லை, பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. திரும்பி ஏறும்போது மலைப்பாதையில் நம் எல்லோருடைய உயிரும் அவர் தூக்கத்தைப் பொறுத்தது.

எந்த ஊர் என்பதில் என் கருத்து: சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் பாசிக்குடா. அங்கே கடல் ஒரு குடாவுக்குள் அடங்கிக் கிடக்கிறது. நெடுந்தூரம் உள்ளே நடந்தாலும் தண்ணி இடுப்பைத் தாண்டாது. பக்கத்திலேயே இருக்கும் கல்குடாக் கரை வெளிக்கடலைப் பார்த்தது, அங்கே அலை வேறு. நிலாவெளியில் புறாத்தீவு இருக்கிறது, 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம், படகில் போய்ப் பவளப்பாறையும் மீன்களும் பார்க்கலாம். கோணேஸ்வரமும் கன்னியா வெந்நீரூற்றும் பக்கம் என்பதால் கோயில் குளம் போக விரும்பும் பெரியவர்களுக்குத் திருகோணமலை பிடிக்கும். அறுகம்பை அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். இளவட்டங்கள் மட்டும் என்றால் போங்கள். தெற்கில் பிள்ளைகளுக்குப் பொல்ஹேன நல்லது, கற்பாறைத் திட்டு அலையைத் தடுத்துவிடுகிறது.

கிழக்கில் இன்னொரு வசதியும் உண்டு. வீட்டுக்காரர், மீன்காரர், கடைக்காரர் எல்லோரிடமும் தமிழிலேயே பேசலாம். அவர்கள் தமிழ் நம் காதுக்குக் கொஞ்சம் புதிது. "வாங்க மனே" என்று கடைக்கார அம்மா கூப்பிட்டபோது, "மனே யாரு?" என்று என் மகன் திரும்பிப் பார்த்தான். மகனே என்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

இறங்கும் பாதை

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடியில் முடிகிறது. மலையிலிருந்து நேரே கடலுக்கு இறங்கும் ஒரு கயிறு மாதிரி. செங்கலடியிலிருந்து வடக்கே வாழைச்சேனைப் பக்கம் திரும்பினால் பாசிக்குடா. பதுளையிலிருந்து நின்று நின்று போனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து வருபவர்களுக்குக் கண்டி, தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை வழியும் உண்டு. திருகோணமலை என்றால் ஹபரணையில் பிரிந்து கந்தளாய் வழி. பண்டாரவளைக்காரர்கள் அறுகம்பைக்கு வெல்லவாய, புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் என்று போகலாம்.

விடியக்காலை நாலரைக்குக் கிளம்புங்கள். காரணம் ஒன்றுதான்: மகாஓயாவுக்கு அங்காலும், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலும் யானை நடமாட்டம் உண்டு. மாலை மங்கிய பிறகு அந்த ரோட்டில் இருக்கக் கூடாது. இறக்கத்தில் டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். சின்ன கியரில் இறங்கினால்தான் பிரேக் சூடேறிப் பிடியை விடாமல் இருக்கும். மழைக்காலமாக இருந்தால் கிளம்புவதற்கு முதல் நாள் பாதையில் மண்சரிவு உண்டா என்று 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்கலாம்.

வளைவில் வாந்தி வரும் பிள்ளைகளை முன்வரிசையில் வையுங்கள். காலையில் பால் கொடுக்காதீர்கள். ஒரு துண்டு இஞ்சி, பொலித்தீன் பை நாலு, தேசிக்காய் இரண்டு கைக்கு எட்டும் இடத்தில். வழியில் மகாஓயாவில் வெந்நீர் ஊற்றைப் பார்க்கலாம், அங்கே சில கிணறுகளில் தண்ணி கை வைக்க முடியாத சூடு. தோடம்பழக் காலமாக இருந்தால் பிபிலையில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ஊர்ப் பழத்துக்கு நல்ல பெயர் உண்டு.

என்ன கொண்டு போவது

மரக்கறியை மேலிருந்தே கொண்டு போங்கள். லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட் நாலு நாளைக்குக் கெடாது, கீழே விலையும் அதிகம். தேயிலைத் தூளையும் மறக்காதீர்கள். தோட்டத்துக்காரர்கள் கீழே போய்ப் பாக்கெட் தேயிலை வாங்கிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கறித்தூள், கொறுக்காய்ப் புளி, மாசி, அரைத்த மிளகாய். மீனும் தேங்காயும் தயிரும் அங்கே வாங்கலாம்.

உடுப்பில் நமக்கு ஒரு பழக்கக் கோளாறு உண்டு. கம்பளிதான் முதலில் பைக்குள் போகும். அங்கே மெல்லிய பருத்தி மட்டும் போதும். ஆனால் கடலில் இறங்கப் பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற சிவப்பு, ஒரேஞ்ச் நிற உடுப்பு எடுங்கள். நீல உடுப்பு தண்ணிக்குள் கண்ணுக்குத் தெரியாது. தொப்பி, பாய் நாலு, நுளம்புவலை, டோர்ச், நீளமான கயிறு ஒன்று, பெரியவர்களின் மாத்திரை நாலு நாளைக்குப் பதிலாக ஆறு நாளைக்கு. எல்லோருடைய அடையாள அட்டையும் வேண்டும், வீட்டுக்காரர் பதிந்துகொள்வார்.

வந்து இறங்கியதும்

அறை பிரிப்பதை வேனிலேயே முடித்துவிடுங்கள். வாசலில் வைத்து ஆரம்பித்தால் யாராவது மனம் கோணுவார். எங்கள் வீட்டில் ஏசி அறைக்குச் சண்டை வரும் என்று நினைத்தோம், வரவில்லை. பெரியவர்களுக்கு ஏசி பிடிக்கவே இல்லை. "குளிருக்குத் தப்பித்தானே இங்க வந்தோம்" என்றார் மாமா. குறட்டை விடுகிற மூன்று பேருக்கு அந்த அறை போனது. பிள்ளைகள் எல்லோரும் ஹோலில் வரிசையாகப் பாயில். அவர்களுக்கு வேறு எந்த இடமும் வேண்டாம்.

அடுப்படியும் மீனும்

கடலுக்குப் போயும் பெண்கள் மூன்று வேளையும் அடுப்புக்கு முன்னால் நின்றால் அது என்ன விடுமுறை? எங்கள் ஏற்பாடு: காலையில் பாணும் சம்பலும் பருப்பும், செய்வது இளையவர்கள். பகல் கடையில் சோற்றுப் பார்சல். இரவு மட்டும் சமையல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆண்கள். முதல் நாள் ஆண்கள் சமைத்த மீன் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. கடல் தண்ணியில் சமைத்தார்களா என்று பெரியம்மா கேட்டார். இரண்டாவது முறை நன்றாகவே வந்தது.

மீன் வாங்கக் காலையில் கரைக்குப் போங்கள். கிழக்கில் கரைவலை இழுக்கும் இடங்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுத்து வருவதை அரை மணி நேரம் சும்மா நின்று பார்க்கலாம். என் தம்பி போய்க் கயிற்றில் கை கொடுத்தான், கொழுந்து மூட்டை தூக்கிய தோள் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். திரும்பும்போது ஒரு கை நெத்தலி சும்மா கிடைத்தது.

பெயரில் மட்டும் குழப்பம் வரும். நாம் ஹட்டன் சந்தையில் சிங்களப் பெயரில் கேட்டே பழகியவர்கள். நம்முடைய பலயா அங்கே சூரை, தோரா அங்கே அறக்குளா, சாலயா அங்கே சாளை. மலைக்கு வரும்போது மீன் ஐஸில் ஒன்றிரண்டு நாள் கிடந்துதான் வருகிறது, அதனால் நல்ல மீன் எப்படி இருக்கும் என்பதையே நாம் மறந்திருப்போம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிவிழாமல் பளபளக்க வேண்டும். விரலால் அமுக்கினால் குழி உடனே நிரம்ப வேண்டும். சூரை வகை மீன் வெயிலில் கிடந்திருந்தால் வாங்காதீர்கள். சமைத்தாலும் அதிலுள்ள நச்சு போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு தடிக்கும். பெயர் தெரியாத மீனை விலை மலிவு என்று வாங்கவே வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டக்களப்பு எருமைத் தயிர். சட்டியோடு வாங்குங்கள்.

கடலில் இறங்குவது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். நமக்கு ஆறு தெரியும், அருவி தெரியும். கடல் தெரியாது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நீச்சலும் தெரியாது.

முதல் நாள் யாரும் உடனே இறங்க வேண்டாம். அந்தக் கரையிலேயே வாழும் ஒருவரிடம், மீனவராக இருந்தால் மிகவும் நல்லது, எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று கேளுங்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் பேச்சே இல்லை. பிறகு பத்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். அலைகள் கரைக்குத் தள்ளும் தண்ணி ஏதாவது ஒரு வழியால் திரும்பியாக வேண்டும். அது ஆழமான ஒரு பள்ளத்தைத் தேடி, ஓடைபோல உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, இரண்டு பக்க நுரைக்கும் நடுவில் கறுப்பாக, அமைதியாகத் தெரியும். புதிதாகப் போகிறவர்கள் "இங்கேதான் அலை இல்லை" என்று அதற்குள்ளேதான் இறங்குவார்கள். அதுதான் ஆளை உள்ளே இழுக்கிற இடம்.

அதில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்திப் போராடக் கூடாது, எவ்வளவு பலசாலியும் களைத்துப் போவான். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். இழுப்பு விட்டதும் அலையோடு சாய்வாகக் கரைக்கு வரலாம். கரையில் நிற்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிக்கக் கூடாது. டியூப், வெற்றுத் தண்ணிக் கலன், கயிறு, கையில் எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

பாசிக்குடா மாதிரி ஆழமில்லாத இடத்திலும் காவல் முறை வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருவர் என்று பெரியவர்கள் மாறி மாறி நிற்கிறோம். காவலில் நிற்பவர் கையில் போன் இருக்காது. அவர் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு, அடுத்தவர் வந்து அதை வாங்கினால்தான் போகலாம். "எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தோம்" என்பது யாருமே பார்க்கவில்லை என்பதற்கு வேறு பெயர். பிள்ளைகளுக்கு அவரவர் தொப்புள்வரைதான் தண்ணி. குடித்தவர் அன்று கடலில் இறங்குவதில்லை, காவலிலும் நிற்பதில்லை.

காற்றடித்த டியூப் விசயத்தில் ஒரு தனி எச்சரிக்கை. கச்சான் காற்று மேற்கிலிருந்து வருவதால் கிழக்குக் கரையில் அது தரையிலிருந்து கடலுக்கு வீசும். அலை சின்னதாக, கடல் கண்ணாடி மாதிரித் தெரியும். ஆனால் டியூபில் இருக்கும் பிள்ளை மெல்ல மெல்ல வெளியே போய்க்கொண்டிருக்கும். கொண்டு போன கயிற்றை டியூபில் கட்டி மறுமுனையைக் கையில் பிடியுங்கள். (கிழக்கில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். கச்சான் அடிக்கிறது என்றதும் எங்கள் சின்னவன் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.)

சொறிமீன் பட்டு எரிந்தால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், கடல் தண்ணியாலேயே கழுவுங்கள், ஒட்டியிருக்கும் இழைகளைக் கையால் தொடாமல் எடுங்கள். மூச்சு முட்டினாலோ உடம்பு வீங்கினாலோ நேரே ஆஸ்பத்திரி.

கடலில் அட்டை இருக்குமா என்று பெரியம்மா கேட்டார், மழையில் மலையேறுகிறவர் கேட்பது நியாயம்தான். இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் மச்சான் கடலட்டை என்று ஒன்று இருப்பதை எடுத்துவிட்டார். அது இரத்தம் உறிஞ்சாது, நம்மைத் தேடியும் வராது. ஆனாலும் பிள்ளைகள் இரண்டு பேர் அன்று முழுக்க மணலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் கூட்டத்திலும் ஒரு மச்சான் இருப்பார், முன்பே சொல்லி வையுங்கள்.

பத்து மணிக்குப் பிறகு

ஹட்டனில் வெயில் எட்டிப் பார்த்தால் துணியோடு துணியாக நாமும் காயப் போய்விடுவோம். அந்தப் பழக்கத்தை அங்கே காட்டக் கூடாது. கடல் காலை ஆறு முதல் ஒன்பதரை வரை, பிறகு பின்னேரம் நாலுக்கு மேல். இடைப்பட்ட நேரம் நிழல், இளநீர், தூக்கம். கிழக்கில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புவதைப் பார்க்க ஐந்தரைக்கே எழும்ப வேண்டும். தோட்டத்துக்காரர்களுக்கு அது சிரமமில்லை, சங்கு ஊதாமலே எல்லோரும் எழும்பிவிட்டோம்.

பகலுக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். நாலு நாளில் ஒரு நாள் கோயிலோ புறாத்தீவோ, அவ்வளவு போதும். எங்கள் மாமா பகல் முழுக்கச் சாய்மனையில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசவும் இல்லை, தூங்கவும் இல்லை. என்ன மாமா யோசிக்கிறீங்க என்றதற்கு, "ஒரு மலைகூட மறைக்கல பாரு" என்றார்.

ஏறும் நாள்

முதல் நாள் இரவே கணக்குக் கொப்பியை முடித்து, ஈர உடுப்பை உலர்த்தி, குப்பையைக் கட்டி வையுங்கள். காலையில் வீட்டுக்காரரோடு ஒரு சுற்று நடந்து, உடைந்தது, காணாமல் போனது எல்லாம் பார்த்துச் சாவியைக் கொடுத்து, வைப்புப் பணம் கொடுத்திருந்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குள் வேன் அசைய வேண்டும், மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்குவதற்கு முன் வீடு போய்ச் சேர.

வாழைச்சேனையில் கருவாடு வாங்காமல் ஒருவரும் வர மாட்டார்கள். பேப்பரில் சுற்றி, பொலித்தீனில் கட்டி, வாளிக்குள் போட்டு, மூடியும் போட்டு வேன் கூரையில் ஏற்றுங்கள். உள்ளே வைத்தால் பிபிலையிலிருந்து மேலே ஒவ்வொரு வளைவிலும் அது உங்களுக்கு நினைவூட்டும்.

ஸ்வெட்டர்களைப் பையின் அடியில் போடாதீர்கள். பசறை தாண்டியதும் எல்லோரும் கேட்பார்கள்.